பனிக்கட்டிக்குள் இருந்த முப்பத்தெட்டு வருடம்

லோர்னா ஹூக்ஸ்ட்ராவுக்கு வாழ்நாளில் ஒரு டாலர்கூடக் கடன் பாக்கி நின்றதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், கடைசியில் மாட்டிக்கொண்டு முழித்தவள் அவள்தான். மாட்டிவிட்டவள் நான்.

எங்கள் சின்ன ஊரான சீலண்டில் முப்பத்தொரு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டிக் கிடக்கிற ஜனவரியிலும் காலை ஆறரைக்கு வண்டியைச் சூடேற்றிக்கொண்டு நிற்பாள். நான் அதே பள்ளியின் சமையலறையில் இருந்தேன். ஒரு குழந்தை அழுதுகொண்டே இறங்கினால், சாப்பாட்டு வரிசையில் அதற்கு ஒரு பிஸ்கட் கூடுதலாக வைக்கச் சொல்லி அவளிடமிருந்து எனக்குச் செய்தி வந்துவிடும். லோர்னா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வெண்டலோடு, பெரியவர் போஸ்மாவின் வீட்டில் இருபத்திரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறாள்.

வெண்டலுக்கு ஐம்பத்தொரு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். பேக்கரியில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. வீட்டிலிருந்து நாலு தெரு. சிவப்புத் தபால் பெட்டி, பல் டாக்டர் பலகை, கிழட்டு நாய் படுத்திருக்கும் வாசல், அப்புறம் பேக்கரி. இந்த வழியைத் தனியாக நடக்கப் பழக அவனுக்கு மூன்று வருடம் பிடித்தது. வேறு வீட்டுக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து. இந்த வயதுக்கு மேல் புது வழி அவன் மனதில் தங்குமா என்று கேட்டால், டாக்டர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

எங்கள் சர்ச்சின் அடித்தளத்தில் கடனிலிருந்து மீளும் வகுப்பு என்று ஒன்று நடக்கும். நடத்துவது நான். ஒன்பது வாரம். எட்டாவது வாரம்தான் விசேஷம். ஒவ்வொருவராக முன்னால் வந்து, தங்கள் கிரெடிட் கார்டுகளை எல்லார் முன்னிலையிலும் கத்திரிக்கோலால் வெட்டி, ஊறுகாய் ஜாடி ஒன்றில் போட வேண்டும். கைதட்டல் கூரையைப் பிளக்கும். சிலர் அழுவார்கள். பிறகு மூலையில் இருக்கும் தொலைபேசியில் கம்பெனியைக் கூப்பிட்டுக் கணக்கையும் மூடிவிட வேண்டும். ஜாடியும் என்னுடையது, கத்திரிக்கோலும் என்னுடையது. கொஞ்சம் ராணி மாதிரிதான் நின்றுகொண்டிருப்பேன்.

2014 பிப்ரவரியில் லோர்னா அந்த வகுப்புக்குக் காபி போட வந்தாள். அவ்வளவுதான். ஆனால் அன்று வெட்டுவதற்கு ஆள் குறைவு. எனக்கோ கூட்டம் களைகட்ட வேண்டும்.

"ஏய் லோர்னா, உங்கிட்டயும் ஒண்ணு இருக்குல்ல? எடுத்துட்டு வா."

"என்னுதுல பாக்கியே இல்லையே ஆர்டித். மாசாமாசம் முழுசா கட்டிடறேன். மொதல் சம்பளம் வாங்குன வருஷம் எடுத்த கார்டுடி அது, எம்பத்தஞ்சுல."

"கடனே இல்லாதவளுக்குக் கார்டு எதுக்கு? வீட்டுக்குள்ள பாம்ப வெச்சுக்கிட்டு, இது கடிச்சதே இல்லன்னு சொல்ற மாதிரி இருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்துபோனது. எதற்கும் மறுத்துப் பேசத் தெரியாத பெண். பையிலிருந்து எடுத்தாள், வெட்டினாள், ஜாடியில் போட்டாள். இருபத்தொன்பது வருடத்துக் கார்டு. தொலைபேசி எண்ணைச் சுழற்றிக் கொடுத்ததும் நான்தான்.

அதற்குப் பிறகு பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லை. நடுவில், இரண்டு வருடத்துக்கு முன்பு, காருக்கு டயர் மாற்றும்போது தள்ளுபடி கிடைக்கிறதே என்று அந்தக் கடையின் கார்டு ஒன்றை வாங்கினாள். அதையும் மாதம் தவறாமல் கட்டினாள்.

இந்த வருடம் ஜனவரியில் போஸ்மா இறந்துபோனார். அடக்கம் முடிந்து, சர்ச்சில் பன்னும் ஹாமும் சாப்பிட்டு முடித்த கையோடு அவருடைய மகள் லோர்னாவிடம் வந்தாள். வீட்டை விற்கப்போகிறார்களாம். அப்பா சொல்லியிருந்தபடி முதல் உரிமை லோர்னாவுக்குத்தானாம். மே மாதக் கடைசிவரை காத்திருப்பார்களாம், அதற்கு மேல் முடியாதாம். நல்ல மனுஷிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

லோர்னா எங்கள் ஊர்க் கூட்டுறவு வங்கிக்குப் போனாள். வீட்டுக் கடன் பார்க்கிற மிஸஸ் ஒல்தாஃப் கடனை ஒழுங்காகக் கட்டுவாளா என்பதற்கான மதிப்பெண்ணான கிரெடிட் ஸ்கோரைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணூத்தி நாலு! இந்த ஸ்கோர வெச்சுக்கிட்டு நீங்க ஏன் இவ்வளவு பயப்படறீங்க?" என்று சிரித்தார். முன்பணம் ஏற்பாடு, வீட்டுச் சோதனை, வருமானக் காகிதம் என்று எல்லாம் முடிய ஏப்ரல் ஆகிவிட்டது. கையெழுத்துக்கு முன்னால் ஸ்கோரை மறுபடி எடுக்க வேண்டும், அது வழக்கம். அன்று அவளைக் காரில் கூட்டிப்போனது நான்.

மிஸஸ் ஒல்தாஃப் ஒருமுறைக்கு இரண்டுமுறை தட்டிப் பார்த்தார்.

"அறுநூத்தி எழுபத்தொண்ணு. லோர்னா, இந்த மூணு மாசத்துல நீங்க என்ன பண்ணீங்க?"

"பட்டாணி சூப் பண்ணேன்," என்றாள் லோர்னா. விளையாட்டில்லை. யோசித்துத்தான் சொன்னாள்.

"வேற எங்கயாவது கடன் வாங்கினீங்களா? யாருக்காவது ஜாமீன் போட்டீங்களா?"

"இல்லீங்க."

அவர் ஒவ்வொரு வரியாகத் தேடினார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"உங்க பழைய கார்டக் காணோம். எம்பத்தஞ்சுல எடுத்தது. அத எப்ப மூடினீங்க?"

"2014 பிப்ரவரி," என்றேன் நான். தேதி எனக்கு மறக்குமா?

"அதான் விஷயம். ஒழுங்கா கட்டி மூடுன கணக்கு பத்து வருஷம் உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல நிக்கும். அதுவரைக்கும் அதோட வயசும் உங்க கணக்குல சேரும். பத்து வருஷம் முடிஞ்சதும் எடுத்துடுவாங்க. போன மாசம் எடுத்துட்டாங்க. இப்ப உங்களோட மூத்த கணக்கு அந்த டயர் கார்டுதான். ரெண்டு வருஷம் மூணு மாசம். போன வருஷம் காலேஜ் முடிச்ச பையன் மாதிரி தெரியறீங்க நீங்க."

"நான் இருபத்திரண்டு வருஷமா வாடகை குடுத்திருக்கேனே?"

"அத யாரும் அங்க எழுதலையேம்மா. நீங்க வாங்குற இந்தச் சலுகைக் கடனுக்கு எழுநூறாவது வேணும். அதுக்குக் கீழ போனா வட்டி ஏறும், உங்க சம்பளத்துக்குத் தாங்காது." கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார். "ஒரு வழி இருக்கு. நெருங்கினவங்க யாராவது ரொம்பப் பழைய கார்டு வெச்சிருந்து, அதுல உங்க பேரையும் சேத்துட்டா, அந்தக் கார்டோட வயசு உங்க ரிப்போர்ட்லயும் வரும். பெத்தவங்க பிள்ளைங்களுக்குச் செய்வாங்க. சட்டப்படி சரிதான், நாங்களும் ஏத்துக்குவோம். யாராவது இருக்காங்களா?"

"வெண்டல் இருக்கான்," என்றாள் லோர்னா. "அவங்கிட்ட நூலகக் கார்டுதான் இருக்கு."

நான் வாயில் பெப்பர்மின்ட் மிட்டாயைப் போட்டுக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

காரணம் இருக்கிறது. என் வீட்டு ஃப்ரீஸரில், உறைந்த சோளத்துக்கு அடியில் ஓர் ஐஸ்கிரீம் டப்பா உண்டு. கை துறுதுறுத்தாலும் சட்டென்று எடுத்துச் செலவழிக்க முடியாதபடி, அதில் தண்ணீர் ஊற்றி உறையவைத்த பனிக்கட்டி. அதன் நடுவில் என் கிரெடிட் கார்டு. 1986இல் எடுத்தது. அந்த வருடம் என் கணவருக்கு மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை போயிருந்தது. நடு டிசம்பரில் ஹீட்டர் நின்றுவிட்டது, கைக்குழந்தை வேறு. அந்தக் கார்டை வைத்துத்தான் புது ஹீட்டர் வாங்கினோம். அதை வெட்ட எனக்குக் கை வரவில்லை. வகுப்பில் எல்லார் முன்னாலும் நான் வெட்டிக் காட்டியது ஒரு பெட்ரோல் பங்க் கார்டு. ஃப்ரீஸர் கார்டின் கணக்கு செத்துப்போகாமல் இருக்க நாளிதழ் சந்தாவை மட்டும் அதில் போட்டுவைத்திருந்தேன். சில வருடத்துக்கு ஒருமுறை புதுக் கார்டு வரும். பழைய கட்டியை உருக்கி, புதியதை உறையவைப்பேன். அடுத்த ஞாயிறு ஜாடியைத் தூக்கிக் காட்டி, "விடுதலை!" என்பேன்.

நாலு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. நாலு நாளும் எனக்குத் தூக்கமில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத் தூங்கினேன். யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்ற நம்பிக்கைதான்.

ஐந்தாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். கூடமெல்லாம் அட்டைப்பெட்டி. அவள் தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊரான ஹாலண்டில் ஒரு சின்ன அபார்ட்மெண்ட் பார்த்திருக்கிறாளாம். வெண்டலைப் பேக்கரிக்குப் பேருந்தில் கொண்டுபோய் விட வேண்டுமாம், முடியாவிட்டால் அவன் வேலையை விட்டாலும் பரவாயில்லையாம். வெண்டல் ஒரு பெட்டியிலிருந்து டீ குவளையை எடுத்து, மெதுவாகக் காகிதத்தைப் பிரித்து, அலமாரியில் அதன் இடத்தில் திருப்பி வைத்தான்.

"வெண்டல், வேணாம்டா கண்ணா," என்றாள் அவள். குரல் உடைந்துபோனது. ஐம்பது வருடப் பழக்கத்தில் அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

நான் வீட்டுக்குப் போய், ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துவந்து, அவள் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தேன். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

"என்னடி இது?"

"பாரு."

பனிக்கட்டி உருக உருக கார்டு தெரிந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பேரைப் படித்தாள். நிமிர்ந்தாள்.

"இது எப்பலேருந்து இருக்கு?"

"எம்பத்தாறு."

"அப்ப நான் வெட்டுனப்பவும் இருந்துச்சு."

"இருந்துச்சு."

"பாம்புன்னு சொன்னியேடி! வீட்டுக்குள்ள பாம்புன்னு எல்லார் முன்னாடியும் சொன்னியே!"

"சொன்னேன்."

"பேங்க்ல பக்கத்துலதான உக்காந்திருந்த? மிட்டாய் சப்பிக்கிட்டு?"

அவள் என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. அவள் குழாயை மூடினாள். தண்ணீர் வீணாவது அவளுக்கு எப்போதுமே பொறுக்காது.

"முப்பத்தெட்டு வருஷம்," என்றாள். "என்னுதவிட ஒம்பது வருஷம் கூட. சரி, என் பேரச் சேரு. வெண்டலுக்காகத்தான் வாங்கிக்கறேன். ஆனா ஞாயித்துக்கிழமை வகுப்புல நீ எந்திரிச்சு நின்னு இதச் சொல்லணும்."

"லோர்னா, வேற என்ன வேணா கேளு."

"வேற எதுவும் வேணாம்."

அந்த ஞாயிறு எட்டாவது வாரம். புதியவர்கள் முன்வரிசையில், கத்திரிக்கோலுக்குக் காத்துக்கொண்டு. பழைய வகுப்புக்காரர்கள் பின்வரிசையில், கைதட்ட வந்தவர்கள். நான் ஜாடியை மேசைமேல் வைத்தேன்.

"கடன் இருந்தா வெட்டுங்க," என்றேன். "ஆனா பாக்கி இல்லாத கார்டுல மொதமொதல்ல வாங்குனத மட்டும் மூடாதீங்க. எத்தனை வருஷமா ஒழுங்கா இருந்தீங்கன்னு அதுதான் சாட்சி சொல்லும். மூடுனா பத்து வருஷத்துல அந்தச் சாட்சி போயிடும். இத உங்களுக்கு நான் சொல்லல. என்னோடத நான் வெட்டவே இல்ல, என் ஃப்ரீஸர்ல ஒளிச்சு வெச்சிருந்தேன். எப்பவும் அங்கதான் இருந்துச்சு."

பிறகு பின்வரிசையில் ஹாரி டெ யோங் இருமினார். சர்ச் மூப்பர், எழுபது வயது.

"என்னோடது டூல் பெட்டியில இருக்கு," என்றார்.

"எனக்குத் தெரியாமலா?" என்று அவர் மனைவி கத்தினாள்.

"உன்னோடது தையல் மெஷின் டிராயர்ல இருக்கறது எனக்குத் தெரியும்ல?"

அதற்குப் பிறகு வரிசையாக ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவருக்கு மீன்பிடிப் பெட்டியில், இன்னொருவருக்குக் குடும்ப பைபிளுக்குள். சிரிப்பில் காபி சிந்தியது. லோர்னா கைக்கடங்காத கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றிருந்தாள்.

"அப்ப நெஜமாவே வெட்டுனது நான் ஒருத்திதானா?" என்று கேட்டாள்.

சிரிப்பு நின்றுபோனது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அறையில் கடனே இல்லாதவள் அவள் ஒருத்தி, எங்கள் பேச்சை நம்பியவளும் அவள் ஒருத்தி. அவள் கெட்டிலை வைத்துவிட்டு, பையிலிருந்து பெப்பர்மின்ட் பொட்டலத்தை எடுத்துத் தானும் ஒன்று போட்டுக்கொண்டு, எங்கள் சர்ச்சில் பிரசங்கத்தின்போது செய்வதுபோல் வரிசையில் அனுப்பினாள். எனக்கும் ஒன்று வந்தது. அதை வாயில் போட எனக்கு வெட்கமாக இருந்தது.

மே ஒன்பதாம் தேதி என் கார்டின் மாதக் கணக்கு வந்தது. அடுத்த வாரம் லோர்னாவின் ரிப்போர்ட்டில் அது ஏறியது. இருபத்தோராம் தேதி மிஸஸ் ஒல்தாஃப் கூப்பிட்டார். எழுநூற்று முப்பத்தெட்டு. கையெழுத்துப் போட வரச் சொன்னார்.

கையெழுத்து முடிந்து வீட்டுக்கு வந்ததும் லோர்னா, "வா, பெட்டியெல்லாம் பிரிக்கணும், ஒரு கை பிடி," என்றாள். அந்த நாலு வாரத்தில் அவள் என்னிடம் ஒரு வேலை சொன்னது அதுதான் முதல் தடவை. கூடத்தில் சுவரோரமாகப் பத்தொன்பது பெட்டிகள், எல்லாம் டேப் ஒட்டி அடுக்கியபடி இருந்தன. கனமாக இருக்கும் என்று முழங்காலை மடக்கி ஒன்றைத் தூக்கினேன். காற்றாக எழும்பி வந்தது. இன்னொன்று, அதுவும் காலி. தொட்டியோரம் வைத்திருந்த இரண்டு தட்டிலேயே அத்தனை நாளை ஓட்டியிருந்த லோர்னா ஓடிப்போய் அலமாரிகளைத் திறந்தாள். தட்டு, குவளை, அம்மாவின் நீலப் பீங்கான், பட்டாணி சூப் பானை, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்துவிட்டு, பேக்கரியில் பழகிய கையால் பெட்டிகளை மறுபடி ஒட்டியிருக்கிறான்.

வெண்டல் வேலை முடிந்து வந்து, தொப்பியை ஆணியில் மாட்டினான்.

"ஏன்டா இப்படிப் பண்ண?" என்றாள் லோர்னா.

"இது நம்ம வீடுதான?" என்றான் வெண்டல்.

நான் ஒரு காலிப் பெட்டியின்மேல் உட்கார்ந்து அழுதேன். அது என் கனம் தாங்காமல் அமுங்கிப்போனது. லோர்னா சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.