பட்டுப்புடவைக்குள் படுத்திருந்த பரோலோ

நான் பிறந்த வருஷத்துத் திராட்சையில் செய்தது அந்தச் சிவப்பு ஒயின். பெயர் பரோலோ. ஓசூரில் அப்பாவின் கம்பெனிக்கு மெஷின் பொருத்த வந்த இத்தாலிக்காரர் ஊர் திரும்பும்போது கொடுத்தது. வருஷம் ஏற ஏற அதன் மதிப்பு கூடுமாம். என்னைப் பற்றி அப்படி யாரும் சொன்னதில்லை.

இருட்டில், குளிர்ச்சியாக, படுக்கவைத்துப் பாதுகாக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட இடம் பீரோவின் அடித்தட்டு ஒன்றுதான். அம்மாவின் கல்யாணப் பட்டைச் சுற்றிக்கொண்டு பாட்டில் அங்கே தூங்கியது. அம்மா கடைக்குப் போனால் நான் எடுத்து பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். லேபிளில் குன்றுகள், வரிசை வரிசையாகக் கொடிகள். பரோலோ என்பது ஊர்ப்பெயர், பழம் பறிக்கும் காலத்தில் அங்கே பனிமூட்டம் இறங்கும், அந்தத் திராட்சைக்கே பனியின் பெயர்தான் என்றார் அப்பா. ஓசூரை அடுத்த தளி பக்கமும் பனி இறங்குகிறதே. ஆகவே பரோலோ, அந்த வழி பஸ்ஸில் ஜவளகிரிக்கு அடுத்த ஸ்டாப் என்று முடிவுகட்டினேன்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு தங்கி ஒரு ஃபோன் கம்பெனியில் வேலை பார்த்தாள். அவளைப் பெண் பார்க்க கிருஷ்ணகிரியிலிருந்து வந்தார்கள். எல்லோருக்கும் பிடித்துப்போய், கேசரி இரண்டாம் சுற்று வந்தது.

"கல்யாணத்துக்கப்பறம் வேலைக்கெல்லாம் அனுப்பமாட்டோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அதுக்கென்னங்க, நிறுத்திடலாம்" என்றார் அப்பா.

காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த அத்தை என் பக்கம் திரும்பினாள். "டேய் கண்ணு, அந்த இத்தாலி பாட்டில எடுத்தாந்து பெரியவருக்குக் காட்டு. நீதான் நல்லா வெளக்கி சொல்லுவ."

இதற்காகவே பிறந்தவன் மாதிரி ஓடினேன். பட்டோடு தூக்கிவந்து மாப்பிள்ளையின் அப்பா மடியில் வைத்துப் பிரித்தேன். குன்று, கொடி, பனி, ஒன்றையும் விடவில்லை.

"சரக்கப் போயி பொடவ சுத்தியா வளக்கறீங்க?" என்று அவர் அப்பாவைக் கேட்டார். அப்பாவின் வாய் நிறைய கேசரி. நானே உதவிக்கு வந்தேன்.

"அத்த கல்யாணத்துல தொறக்கறதுக்குத்தான் வெச்சிருக்கறோம் தாத்தா. உங்களுக்கும் உண்டு."

"சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்துவிட்டார்கள். அவர்கள் கார் சூளகிரியைத் தாண்டுவதற்குள் அப்பாவும் அம்மாவும் முறை வைத்து என் முதுகைப் பழுக்க வைத்தார்கள்.

அத்தை மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து மிச்சக் கேசரியை வாணலியோடு வைத்துச் சாப்பிட்டாள். முந்திரி வந்தபோதெல்லாம் எனக்கு ஊட்டினாள். வந்த வரன் போன துக்கத்தில்தான் இப்படிச் சாப்பிடுகிறாள் என்று நினைத்து, அவளுக்காகவும் சேர்த்துக் கொஞ்சம் அழுதேன்.