தேயிலைப் பெட்டிக்குள் ஒலிபெருக்கி

ஒலிபெருக்கியை வீட்டில் எங்கே வைத்தால் காதுக்கு இதமாக இருக்கும் என்று பார்த்துச் சொல்வது சுகமான தொழில்தான், கேட்கிறவர் இடுப்பில் வாள் இல்லாதவரை. ரேடியோவோடு மாரடித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஃபேக்டரி மின்சாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேடியோ வேலையும் என் தலையில் விழுந்தது.

பங்களா மூலை

வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிப்போன பங்களாவில் ஜப்பான் அதிகாரி ஒருவர் குடியேறியிருந்தார். ஒலிபெருக்கி இரைகிறது என்று ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால், பெட்டி மூலையில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அப்படி வைத்தால் எந்தப் பாட்டும் பீப்பாய்க்குள் பாடியது போலத்தான் இருக்கும். சுவரைவிட்டுத் தள்ளி, நாற்காலியில் உட்காருகிறவரின் காது உயரத்துக்கு மேசை போட்டு, அவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஒவ்வொரு தடவை நகர்த்தும்போதும் அவர் கை வாள்பிடிக்குப் போகிறதா என்றுதான் பார்த்தேன், பாட்டைக் கேட்கவில்லை.

கடைசியில் தலையசைத்தார். அவர் பேசியது அரைகுறை மலாய். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "நல்லா இருக்கு. இனி இந்தத் தோட்டத்து ரேடியோ எல்லாம் உன் பொறுப்பு. எவனாவது எதிரி ஸ்டேஷன் கேட்டா, முதல்ல உன் தலை, அப்புறம் அவன் தலை."

கிராணி வீடு

கொஞ்ச நாளில், தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி மரியதாஸ் கூப்பிட்டார். அவர் மகனைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போயிருந்தார்கள். சண்டை எப்போது முடியும் என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ரேடியோவில் ஜப்பான்காரன் துண்டித்துவிட்ட வெளிநாட்டு ஸ்டேஷன்களை யாரையோ பிடித்துத் திரும்ப வரவழைத்திருந்தார். சத்தம் தன் காதைத் தாண்டக் கூடாது, வழி சொல் என்றார். முதலில் என் தலை என்று அதிகாரி சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபின் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

பலகை வீட்டில் சத்தம் தரை வழியாகவே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அதனால் ரேடியோவைக் கூடத்திலேயே விட்டு, ஒலிபெருக்கியை மட்டும் கழற்றிப் படுக்கையறைக்கு ஒயர் இழுத்தேன். ஒரு தேயிலைப் பெட்டியில் பாதிக்குத் தூள் கொட்டி, அதில் ஒலிபெருக்கியை இறக்கி, சுற்றிலும் சாக்கைத் திணித்தேன். கேட்க வேண்டுமானால் தலையைப் பெட்டிக்குள் விட வேண்டும். கேட்டு முடித்ததும் ஜப்பான் ஸ்டேஷனுக்குத் திருப்பி வைப்பது அவர் மனைவியின் வேலை. அந்த அம்மா என்னிடம் சொன்னது: "இவரு தலைய உள்ள விட்டு வெளிய எடுக்கறதுக்குள்ள என் உசிரு போயிட்டுப் போயிட்டு வருது தம்பி."

சோதனை

மழை பிடித்த ஒரு மத்தியானம் அதிகாரி வீடு வீடாக ரேடியோ சோதிக்கக் கிளம்பினார். பொறுப்பு என்னுடையதல்லவா, நானும் பின்னால் நடந்தேன். கிராணியின் ரேடியோவைப் போடச் சொன்னார். கூடத்தில் ஒன்றும் கேட்கவில்லை, படுக்கையறையில் ஏதோ முனகியது. நல்லவேளை, ஜப்பான் ஸ்டேஷன். அதிகாரி உள்ளே போய்ச் சாக்கை உருவினார். இது ஏன் தேயிலைக்குள் கிடக்கிறது என்று என்னைக் கேட்டார். கிராணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்த மலைப் பனியில் ஒலிபெருக்கிக்குள் இருக்கும் காகிதம் நமுத்துவிடும், தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று உளறினேன். தூள் ஈரம் இழுக்கும் என்பது ஃபேக்டரி நடத்தும் அவருக்கும் தெரியும். ஒரு பிடி அள்ளித் தேய்த்துப் பார்த்தார். "ஈரமாத்தான் இருக்கு. நாளைக்கு என் வீட்டுலயும் இப்படியே வை."

மறுபடியும் பங்களா

நான் வெட்டிய குழியில் நானே விழுந்தேன். சாக்குக்குள் வைத்தால் ஒன்றும் கேட்காது. கேட்காவிட்டால், கிராணி வீட்டில் அது எதற்கு என்று புரிந்துவிடும். இரண்டு தலை போகும்.

வேறு வழியில்லாமல் வைத்தேன். தோக்கியோ செய்தி முனகியது. அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு எழுந்து வந்து, குனிந்து, தலையைப் பெட்டிக்குள் விட்டார். கிராணியைப் போலவே. செய்தி முடியும்வரை அப்படியே இருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில், எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அவரோ சாக்கைத் தன் கையாலேயே திரும்பத் திணித்தார். "இப்படியே இருக்கட்டும். கிராணி வீட்டுலயும் இருக்கட்டும். எங்க ஊர்லேர்ந்து இப்ப வர்ற செய்திக்கு இந்தச் சத்தம் போதும். ஜெயிச்ச செய்தியா இருந்தாத்தான் உரக்கக் கேக்கணும்."

ஒலிபெருக்கியை எங்கே வைக்கலாம் என்று இன்றைக்கும் யாராவது கூப்பிட்டால், அது யாருக்கெல்லாம் கேட்கக் கூடாது என்பதை முதலில் விசாரித்துக்கொண்டுதான் பெட்டியைத் தொடுகிறேன்.