மண்ணுக்குள் கிடந்த மழைச் சட்டம்

உள்ளறையில் மூங்கில் பத்தைகள் சடசடவென்று சரிந்தன.

"என்னக்கா, உன் பொண்ணு தட்டி பின்றாளா?" என்று சிரித்தான் ரெமிஜியஸ்.

அமலோற்பவம் சிரிக்கவில்லை. அக்கா மகளுக்குக் குவைத் மாப்பிள்ளை ஒருவரைப் பேசி முடித்துவிட்டுத் தஞ்சாவூரிலிருந்து காரில் வந்திருந்தான் தம்பி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். தவக்காலத்துக்கு முன் தாலி. அக்கா தலையசைத்தால் போதும். புருஷன் போனதிலிருந்து வயலைத் தனியாகப் பார்த்துக்கொண்டாலும், தம்பி சொல்லை அவள் தட்டியதில்லை.

மகள் அருள்ஜோதிக்கோ சீனாவில், வூஹான் நகரத்தில் படிக்க இடம் கிடைத்திருந்தது. சிங்கப்பூரில் வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்தபோது சீன எழுத்துப் பழகியவள். அந்த நாட்டின் பழைய சட்டங்களை, அன்று எழுதியதுபோலவே மூங்கில் பத்தைகளில் எழுதி வரிசை சேர்த்துப் பார்ப்பாள். 'போறதும் இருக்கறதும் அம்மா சொல்றதுதான்' என்று சொல்லிவிட்டிருந்தாள்.

"ரெண்டாயிரம் வருஷத்துச் சட்டத்தைப் படிச்சு எந்தக் கோர்ட்டுல வாதாடப்போற?" என்றான் மாமன்.

"அந்தக் கோர்ட்டே இப்ப இல்ல மாமா. உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடமாட்டாங்க." பத்தை ஒன்றோடு வெளியே வந்தாள் அருள்ஜோதி. "இதைக் கேளும்மா. மழை பெஞ்சு கதிர் வந்தா, எவ்வளவு நிலம் தேறுச்சுன்னு அதிகாரி எழுதி அனுப்பணும். வெள்ளம், பூச்சி வந்தாலும் அப்படித்தான். பக்கத்து ஊர்னா வேகமா நடக்கிற ஆள் கொண்டுபோகணும்."

"யாரும் மனு கொடுக்காமலா?"

"அது அவங்க வேலைம்மா."

அமலோற்பவத்துக்கு உடம்பு சிலிர்த்தது. கார்த்திகை வெள்ளத்தில் சம்பா அழுகியபோது, தாலுகா ஆபீஸ் வாசலில் நிவாரண மனுவோடு அழுகிய பயிரையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்.

"இந்தச் சட்டத்தையெல்லாம் வெச்சிருந்த குமாஸ்தா செத்தப்ப, கூடவே வெச்சுப் புதைச்சிட்டாங்க. குழி நிறையத் தண்ணி. அதுதான் காப்பாத்துச்சு."

"தண்ணியா? அழுகலையா?"

"காத்துப் படாத தண்ணிம்மா. கட்டின கயிறு மக்கிப்போச்சு. எழுத்து அப்படியே இருந்துச்சு."

பத்தையை வாங்கி விரலால் தடவினாள் அமலோற்பவம். தன் நெல்லைத் தின்ற அதே தண்ணீர், எவனோ ஒருவன் நெல்லுக்காகப் பட்ட கவலையை எத்தனை தலைமுறை பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. அவள் கண் நிறைந்தது.

"எழுத்து கிடக்கட்டும். கல்யாணம்?" என்றான் தம்பி.

"ஓலைய நிறுத்திடு தம்பி. கோயில் சாமியார்கிட்ட நானே வந்து சொல்றேன். அவ போகட்டும்."

ரெமிஜியஸ் எழுந்தான். "அனுப்பிட்டு அழக்கூடாது."

"அழுவேன். அதுக்காக?"

காபி ஆறிக் கிடந்தது. கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றவள், பத்தையைக் கீழே வைக்காமலே கதவைச் சாத்தினாள்.