வெறும் சர்க்கரை

போடி ஏலக்காய் ஏலத்தில் அவர் எனக்குப் பக்கத்து இருக்கை வியாபாரி. மைபூசிய மீசை, கசங்காத சட்டை. ஏலம் தொடங்குமுன் ஒரு வெள்ளை உருண்டையை நாக்கடியில் வைத்துக்கொள்வார். பிறகு சாம்பிளை முகர்ந்ததுமே, "போன வாரம் வித்த காயி, மூட்டை மாறி மறுபடி வந்திருக்கு" என்பார். தப்பியதே இல்லை. ஏதோ போதை வஸ்து என்று சந்தேகப்பட்டு, ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வெறும் சர்க்கரைய்யா. மறதிக்குன்னு போனப்ப டாக்டரே அப்டிச் சொல்லித்தான் குடுத்தாக. ஆனா போடலேன்னா எல்லாம் மறந்துபோகுது" என்று எனக்கும் ஒன்று தந்தார்.

அரைமனதோடு வாயில் போட்டேன். அடுத்த சாம்பிளுக்கு விலை கேட்க, மேசையிலிருந்த மின்னேலப் பட்டனை அழுத்தப்போன விரல் நின்றது. போன வாரம் நான் வேண்டாமென்று ஒதுக்கிய அதே காய்!

இப்போது ஒவ்வொரு ஏலத்துக்கும் அவரிடம் ஓர் உருண்டை வாங்கிக்கொள்கிறேன். சர்க்கரை என்று அவர் சொன்னதை மட்டும் நான் இன்னும் நம்பவில்லை.