வாசலில் நின்று அளவு பார்த்தவன்

அரைநூலுக்கு நான் நான்கு மாதச் சம்பளம் கடன்பட்டிருந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனால் எவன் காசையும் தின்றவனில்லை. பட்டறை படுத்திருந்த காலத்தில் நின்றுபோன சம்பளம் அது. வேலையில் இருந்தவரை அவன் ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை.

அரைநூல் என்பது பட்டறையில் வைத்த பெயர். கடைசல் இயந்திரத்தில் தான் கடைந்த உருளை அரை நூல் பிசகினாலும் தூக்கிக் கழிவில் எறிந்துவிடுவான். பதினாறு வருடம் என்னிடம் இருந்தான். இரும்புத் தூளில் நின்றே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தான். பேச்சு மட்டும் கம்மி.

நானோ மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்பவன். அதில் எனக்கு நிகர் நான்தான். மனிதர்களையும் அப்படியே சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

அந்த வருடம் அவன் வெர்னியர் அளவுகோலோடு அடிக்கடி வாசலுக்குப் போனான். முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பான். எதிரே போட்டிப் பட்டறை. அதே மாதம் எனக்கு வரவேண்டிய பம்பு வேலை அங்கே போயிற்று. கூட்டிக் கழித்துப் பார்த்தேன். கண், காது, மூக்கு எல்லாம் நானே வைத்தேன்.

"அவரு அளவத் தூக்கிக் காட்டித்தான் எதிர்ப் பட்டறைக்காரன் பொழைக்கணுமா? போன் இல்லையா?" என்றாள் என் மனைவி.

"உனக்குத் தெரியாது. ஆளைப் பாத்தாலே எனக்கு..."

"ஆமாமா. பால்காரரு சிரிச்சாருன்னு, தண்ணி கலக்குறாருன்னு நிறுத்துனீங்க. ஒரு மாசம் பாலில்லாத டீ குடிச்சோம்."

மறுநாளே அரைநூலிடம் கேட்டேன். "எதிர்ப் பட்டறைல எவ்வளவுப்பா வாங்குன?"

"என்ன சொல்றீங்க முதலாளி?"

"நடிக்காதே. வெளிய போ."

"அப்போ... பாக்கிச் சம்பளம்?"

முதன்முறையாகக் கேட்டான். அதற்கும் அர்த்தம் பண்ணினேன்: ஓடப்போகிறவன்தான் கணக்குக் கேட்பான். கொடுக்கவில்லை.

இரண்டு மாதம் ஆள் கிடைக்காமல் நானே இயந்திரத்தில் நின்றேன். கை எதையும் மறக்கவில்லை. அளவுகோலின் கோடுதான் தெரியவில்லை. கரண்டுக் காசுக்குப் பயந்து மேலே இருந்த விளக்கைக் கழற்றியது நான்தான். கால் தானாக வாசலுக்குப் போனது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

எதிர்ப் பட்டறைக்காரன் சிரித்தான். "என்னண்ணே, உங்களுக்கும் கண்ணு போச்சா? அரைநூலு மாதிரியே நிக்கிறீங்க! பாவம், புரை முத்திப்போச்சாம். வேலை கேட்டு வந்தாரு, வச்சுக்க முடியல."

"அந்தப் பம்பு வேலை?"

"நஷ்டத்துக்கு எடுத்தேண்ணே. அதை ஏன் கேக்குறீங்க."

அன்றே அரைநூல் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. அவன் கட்டிலில் இருந்தான். என் இருமலைக் கேட்டுத்தான் திரும்பினான்.

"கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாப்பா?"

"சொன்னா நிறுத்திடுவீங்கன்னு நெனச்சேன் முதலாளி. பாக்கியக் கேட்டா சங்கடப்படுவீங்கன்னு அதையும் கேக்காமலே இருந்தேன். ஒரு கண்ணு இனிமே தேறாதுன்னுட்டாரு டாக்டர். இன்னொன்னுக்கு ஆபரேஷன் பண்ணலாமாம்."

கையோடு கொண்டுபோன பாக்கிப் பணக்கட்டை நீட்டினேன். அவன் மனைவி குறுக்கே வந்தாள்.

"கட்டா வேணாம். எண்ணிக் குடுங்க. அவரு கையில."

நான் எவனுக்கு முன்னாலும் குனிந்தவனில்லை. அன்று அந்தக் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். நான்கு மாதச் சம்பளத்தையும் ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி, அவன் விரித்த கையில் வைத்தேன்.