ஆடி மாதத்தில் நிறைந்த மண்டபம்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொல்ல வராது. பெண் கேட்டு வந்தவர்களைப் பிடிக்காவிட்டாலும் காபியும் பலகாரமும் கொடுத்து, "யோசிச்சுச் சொல்றோமுங்க" என்று வாசல்வரை வந்துதான் அனுப்புவோம். அந்த யோசனை ஆயுசுக்கும் முடியாது. இந்த மரியாதையோடு கம்ப்யூட்டர் என்ற சாமானும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தொண்ணூறுகளின் நடுவில் அன்னூரில் பார்த்தேன். இன்னும் எரிச்சல் தீரவில்லை.

அப்போது நான் சிங்காநல்லூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து சின்ன வியாபாரிகளுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். மாலையில் அறம், நீதி பற்றிய தடித்தடிப் புத்தகங்களைப் படிப்பேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு அந்த நாளில் தோன்றவே இல்லை.

அன்னூர்க் கல்யாண மண்டபத்துக்காரர் ஒருவர், தேதி பதிவு செய்ய ஒரு புரோகிராம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். தேதியை அடித்தால் போதும். காலியாக இருந்தால் சத்தமில்லாமல் பெயர் கேட்கும். ஏற்கெனவே பதிவாகியிருந்தால் 'டொய்ங்' என்று கத்திவிட்டு 'நாட் அவைலபிள்' என்று காட்டும். முடிந்துபோன தேதியை அடித்தாலும் அதே டொய்ங்தான். போன வருடம் யாரும் கல்யாணம் செய்துகொள்ள முடியாதல்லவா? இந்தக் கடைசி ஏற்பாட்டில் எனக்குச் சொல்ல முடியாத பெருமை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பிரிண்டர் ரிப்பேர் என்று கூப்பிட்டார். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கை முழுக்க ரிப்பன் மையோடு இருந்தேன். திரை எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்படி இருந்தது. அப்போது ஒருவர் உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும், தேய்த்த வெள்ளைச் சட்டை. டெலிபோன் ஆபீசில் சூப்பர்வைசர் என்றார். சின்ன மகளுக்குக் கல்யாணம், மண்டபம் வேண்டும் என்றார்.

"வாங்க வாங்க, உக்காருங்க. நம்முளுக்கு எந்தப் பக்கமுங்க?"

"சர்ச்சுக்குப் பின்னாடி, காலனிங்க. எங்கப்பா உங்க தோட்டத்துலயே வேலை செஞ்சவருங்க."

மண்டபத்துக்காரரின் சிரிப்பு அப்படியே இருந்தது. கை மட்டும் கீபோர்டுக்குப் போனது. வந்தவர் மே மாதத்தில் ஒரு தேதி சொன்னார்.

டொய்ங்.

"அடடா. புக்காயிருச்சுங்களே."

ஜூனில் ஒன்று சொன்னார். டொய்ங். மண்டபத்துக்காரர் உச்சுக்கொட்டியதில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. நான் ரிப்பனைச் சுற்றியபடி நிமிர்ந்து பார்த்தேன். மாதமும் தேதியும் சரியாக இருந்தன. வருடம் போன வருடம். என் பெருமைக்குரிய ஏற்பாட்டைப் பிடித்து மனிதர் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் பொய் சொல்வது அவரில்லை, பெட்டி.

நான் என்ன செய்தேன்? ரிப்பனைத் தொடர்ந்து சுற்றினேன்.

"மூத்தவ கல்யாணத்துக்கு ரோட்டுல பந்தல் போட்டமுங்க" என்றார் வந்தவர். "மழை வந்து சாப்பாட்டு எலையெல்லாம் மிதந்துபோச்சு. இவளுக்காச்சும் ஒரு கூரைக்கடியில பண்ணிப்போடலாமுன்னு பாக்கறனுங்க. மாப்ள பட்டாளம். ஜூலை கடைசிக்கு மேல லீவு இல்லைங்களாம். அந்தக் கடைசி வாரத்துல ஏதாச்சும் ஒரு நாள் பாருங்க."

ஜூலை கடைசி என்றால் ஆடி. ஆடியில் எங்கள் பக்கம் கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. மண்டபத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வாட்ச்மேன்கூட ஊருக்குப் போய்விடுவார். மண்டபத்துக்காரரின் விரல்கள் பழக்க தோஷத்தில் ஓடின.

டொய்ங்.

வந்தவர் சிரித்தார். "ஏனுங்க, ஆடி மாசத்துல எந்த ஊட்டுலீங்க கல்யாணம்?"

மண்டபத்துக்காரர் திரையைத் தன் பக்கம் இன்னும் திருப்பிக்கொண்டார். "எனக்கென்னங்க தெரியும்? கம்ப்யூட்டர் சொல்லுதுங்க. நாம என்ன பண்றது?" பிறகு, என் கெட்ட நேரம், தரையைப் பார்த்தார். "இந்தத் தம்பிதான் போட்டுக் குடுத்தது. தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறுன்னு நெனைக்கறேன்."

கோளாறா? என் புரோகிராமிலா?

"கோளாறெல்லாம் இல்லைங்கண்ணா" என்று எழுந்தே நின்றுவிட்டேன். "நீங்க போன வருஷத்த அடிச்சிருக்கீங்க. அதான் கத்துது. இந்த வருஷம் அடிங்க."

"அட, கை தவறிப்போச்சாட்ட இருக்குதுங்க" என்று மண்டபத்துக்காரர் வருடத்தை மாற்றி அடித்தார்.

வந்தவர் காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். "சத்தம் வரலீங்களே?"

"வரலைங்க."

"அப்ப காலிதானுங்களே?"

"காலிதானுங்க. ஆனா பாருங்க, ஆடியில நாங்க விசேஷம் வெக்கறதில்லீங்க."

"உங்களுக்குத்தானுங்க ஆடி. எங்களுக்கு ஜூலை." அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "எங்க ஆளுகளுக்குத் தர மாட்டேன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நான் பாட்டுக்குப் போயிக்கறேன்."

மண்டபத்துக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். காபி சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் தைரியம் மட்டும் அவருக்கு இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு மண்டபம் கிடைத்திருக்காது. காபி வந்தது, ஆறியது, ஆடை கட்டியது. கடைசியில், "பொண்ணு பேரச் சொல்லுங்க" என்றார், பல் பிடுங்கக் கொடுப்பவரைப் போல. பிரிண்டர் அப்போதும் வேலை செய்யவில்லை. கையால் ரசீது எழுதிக் கொடுத்தார்.

நானும் பெண்ணின் அப்பாவும் ஒன்றாகத்தான் பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். ஒரு நன்றியாவது சொல்வார் என்று, வெட்கமில்லாமல், மெதுவாக நடந்தேன்.

"சார், மிசின்ல ஏத்துனத அவரு அழிச்சுப்போட முடியுங்களா?"

முடியும். அழிக்கவும் ஒரு கீ வைத்துக் கொடுத்திருந்தேன். "முடியுங்க" என்றேன்.

"நெசத்தத்தான் சொல்றீங்க" என்றார். "ஆனா மூணு தேதி கேட்டனுங்க. உங்க மிசினக் கொறை சொன்னதுக்கப்புறந்தான் உங்களுக்கு வாய் வந்துச்சு."

நான் படித்த புத்தகங்கள் எதிலும் இதற்குப் பதில் இல்லை. பஸ்ஸும் வந்து தொலையவில்லை.

"கல்யாணத்துக்கு வந்துருங்க" என்றார் அவர். "அவரு அழிச்சிருந்தா, பேரு இருந்துச்சுன்னு சொல்ல ஒரு ஆள் வேணுமுங்க."

பயந்துகொண்டேதான் போனேன். பதிவை அவர் அழிக்கவில்லை. சர்ச்சில் கல்யாணம் முடிந்து எல்லோரும் மண்டபத்துக்கு வந்தபோது ஆடிக்காற்று வாழைமரங்களைக் கிழித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஓர் இலைகூடப் பறக்கவில்லை. பெண்ணின் அப்பா பந்தியில் நின்று ஒவ்வோர் இலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையசைத்தார். அவ்வளவுதான். அதற்குமேல் நான் சம்பாதிக்கவும் இல்லை.

மண்டபத்துக்காரர் வாசலில் கைகூப்பி, வந்தவர்களையெல்லாம் "சாப்பிட்டுத்தான் போகோணும்" என்று உபசரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஏதோ உறைத்திருக்கிறது என்று நான் நெகிழ்ந்துபோகும் நேரத்தில், பந்தியில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து காதோடு சொன்னார்:

"தம்பி, இப்படி வருஷத்த மாத்தி அடிக்கற வேலை நமக்குச் செட்டாகாது. அந்த டொய்ங் சத்தத்துக்கு மட்டும் தனியா ஒரு கீ வெச்சுக் குடுத்துருங்களே."

என் வாயில் கேசரி இருந்தது. அதை விழுங்க வெகுநேரம் எடுத்துக்கொண்டேன்.