சாம்பிராணிமேல் போட்ட பழி

கோமதி அக்காவின் கம்ப்யூட்டரைக் கெடுத்தவன் நான்தான்! பழியைத் தூக்கிச் சாம்பிராணிமேல் போட்டவனும் நானேதான்.

நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் கடை, கைநிறைய வேலை, படுத்தால் தூக்கம். மனச்சாட்சி உறுத்தி இளைத்துப்போனேன் என்றால் நீங்கள் என் தொப்பையைப் பார்த்துச் சிரிப்பீர்கள்!

அக்கா வேங்கிக்காலில், தன் வீட்டு முன்னறையில் மனு அடித்துக் கொடுப்பவர். அறை மிகச் சிறியது. "மேசைய அடைக்காம அடக்கமா ஒண்ணு பண்ணிக் குடுங்க தம்பி" என்று கேட்டார்.

சின்னப் பெட்டியென்றால் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சப்ளை தாங்குமா? சூடு வெளியேற வழி உண்டா? எனக்குத் தெரியாததா! தெரியும்... ஆனால் அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸைத் திருப்பிவிடுவார்களே என்ற அவசரத்தில், உள்ளே நுழைந்த ஏதோ ஒரு சப்ளையை வைத்து மூடினேன். சூட்டை வெளியே தள்ள வேண்டிய பின்பக்க விசிறியைத் முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருந்தேன். சூடு உள்ளேயே சுற்றியது.

அக்கா தினமும் காலையில் அந்தப் பெட்டிக்குப் பொட்டு வைத்து, சாம்பிராணி காட்டுவார். அவர் தபால் வழியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தார். ஆய்வேடு முழுவதும் அதற்குள்தான் இருந்தது.

சித்திரை வெயிலில் சப்ளை எரிந்தது. ஹார்ட் டிஸ்கையும் அதிலிருந்த ஆய்வேட்டையும் சேர்த்துக் கொண்டுபோனது. ஆய்வேட்டைக் கொடுக்க நான்கே நாள்தான் மிச்சம்.

பெட்டியைக் கழற்றி விசிறியைப் பார்த்ததுமே என் தப்பு எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவும் அவர் கணவரும் பின்னாலேயே நின்றிருந்தார்கள். விசிறி இறக்கையில் கொஞ்சம் புகைக்கரி ஒட்டியிருந்தது... அது போதாதா எனக்கு!

"புகைதான்க்கா காரணம். உள்ள பூரா அடைச்சிக்கிச்சு."

"நான் தலபாடா அடிச்சிக்கினேன், கேட்டாளா இவ?" என்று கணவர் கத்தினார். அக்கா முந்தானையால் விசிறியைத் துடைக்க வந்தார். நான் வெடுக்கென்று அதைப் பிடுங்கி, சரியான பக்கம் திருப்பி மாட்டினேன்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? திறக்கவில்லை! நல்ல சப்ளையாகத் தேடிப்பிடித்துப் போட்டேன். அந்தப் பெட்டி இன்றுவரை ஜம்மென்று ஓடுகிறது. அக்காதான் மறுபடி பாடப் புத்தகத்தைத் தொடவேயில்லை.

போன ஆயுத பூஜைக்கு அக்கா கடைக்கு வந்திருந்தார். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய ஒரு பெண், கற்பூரத்தட்டை அதன் அருகே கொண்டுபோனாள். அக்கா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார்.

"வேணாம்மா! இப்படிப் புகை காட்டித்தான் என் படிப்ப நானே கெடுத்துக்கினேன். வேணும்னா தம்பியக் கேளு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா, அக்கா சொல்றது நெசம்தான்" என்றேன்.